மிச்ச மருந்து

அந்த ஆஸ்பத்திரி வாசலில் காலை வேளையில் பருத்திப்பால் விற்பார்கள். தள்ளுவண்டிதான். சுக்கும் கருப்பட்டியும் தூக்கலாகப் போட்டு, மேலே தேங்காய்ப்பூ தூவித் தருவார்கள். நன்றாக இருக்கும். அந்தப் பக்கம் போனால் நீங்கள் குடித்துப் பார்க்கலாம். நான் இப்போது குடிப்பதில்லை.

நீங்கள் கேட்டது இரண்டு எலிகளைப் பற்றி. எங்கள் ஆய்வுக் கட்டுரையில் சொல்லப்பட்டதைவிட இரண்டு எலிகள் கூடுதலாக வாங்கப்பட்டிருக்கின்றன, மிச்சம் இரண்டு ஏன் கணக்கில் இல்லை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. மூன்று பேராசிரியர்கள் வேறு வேறு ஊர்களிலிருந்து வந்து உட்கார்ந்து, இரண்டு எலிகளுக்காக இவ்வளவு அக்கறையோடு விசாரிப்பதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. கேள்வியை விட்டுவிட்டு நான் பருத்திப்பாலில் ஆரம்பித்ததை, மறைக்கிறேன் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். கேட்டவர்கள் கேட்டதை மறந்த பிறகு பதில் சொல்வேன்.

எனக்குச் சொந்த ஊர் தாயில்பட்டி. எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் காய்ச்சலுக்குச் சாப்பிடுவது இல்லை. அதற்கு மாத்திரை என்போம், ஊசி என்போம். மருந்து என்றால் வெடிக்குள் போவது. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் சேர்ந்த கலவை. என் அப்பாவுடன் பிறந்த வேலுத்தாய் அத்தை விஸ்வநத்தத்தில் ஒரு கம்பெனியில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கிற வேலையில் இருந்தாள். சாயங்காலம் கம்பெனி வண்டியிலிருந்து இறங்கும்போது அவள் கை இரண்டும் வெள்ளி பூசியதுபோல இருக்கும். என் அம்மா இறந்த பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டவை அந்தக் கைகள். பள்ளிக்கூடத்தில் என் தலைமுடி வெயிலில் மினுங்கும்.

மருந்து அடைக்கிற அறையில் ஒரு பழக்கம் உண்டு. காலையில் கலந்து வருகிற மருந்தை அன்றைக்கே அடைத்து முடித்துவிட வேண்டும். மறுநாளுக்கு வைக்கக்கூடாது. கலந்த மருந்து கிடந்தால் உள்ளுக்குள்ளேயே சூடேறும்; மறுநாள் கை பட்டதும் பற்றிக்கொள்ளும். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவர்களுக்கும் இந்த வேதியியல் தெரியும். அத்தைக்கு அது வாய்ப்பழக்கமாகவே ஆகிவிட்டது. சட்டியில் கொஞ்சம் குழம்பு கிடந்தாலும், “மிச்சம் வைக்காத. போட்டு முடிச்சிரு” என்பாள். என் தட்டில் சோறு கிடந்தாலும் அதே சொல், அதே குரல்.

நான் மதுரையில் மருந்தியல் படிக்கப் போகிறேன் என்றபோது அவள் சிரித்தாள். “மருந்துக்குப் படிக்கவா மருதைக்குப் போற? இங்கன நம்ம கம்பெனியில ரெண்டு மாசத்துல சொல்லிக் குடுத்துருவாகளே.” தெருவில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். பிறகு நான் முனைவர் பட்டம் வாங்கியதும் என்னை ‘டி’ போட்டுப் பேசுவதை நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து தாயி என்றுதான் கூப்பிட்டாள். இதைச் சும்மா சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அத்தைக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன், அப்படிச் சொன்னால்தான் எனக்கே அது புரிகிறது. நம் உடம்பின் செல்களின் மேல்தோலில் ஏற்பிகள் இருக்கின்றன. வெளியிலிருந்து வருகிற மருந்து உள்ளே போவதில்லை. ஏற்பியில் வந்து உட்காரும். உட்கார்ந்ததும் உள்பக்கம் ஒரு திரி பற்றிக்கொள்ளும். மார்ஃபின் உட்கார்கிற ஏற்பியில் அந்தத் திரி உள்ளே போய் இரண்டு கிளையாகப் பிரிகிறது என்பது எங்கள் கணிப்பு. ஒரு கிளை வலியை அணைக்கும். இன்னொரு கிளை மூச்சைக் குறைக்கும். வலி மிகுந்தவர்களுக்கு வேண்டிய அளவு மார்ஃபினை மருத்துவர்கள் கொடுக்கத் தயங்குவது அந்த இரண்டாவது கிளையால்தான். முதல் கிளையை மட்டும் பற்றவைக்கிற ஒன்றைச் செய்வதுதான் என் எட்டு வருட வேலை.

செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வரிசையில் பதினேழாவதாகச் செய்தது. ஆய்வகத்தில் அதைப் பதினேழு என்றே கூப்பிட்டோம். ஏற்பி வேலை செய்தால் ஒளிர்கிற மாதிரி செல்களை மாற்றி வைத்திருந்தோம். பதினேழை விட்டதும் முதல் கிளைக்கான செல்கள் இருந்த தட்டு முழுக்க ஒளிர்ந்தது. இரண்டாவது கிளைக்கான தட்டு இருட்டாகவே கிடந்தது. எங்கள் ஊரில் வெளிச்சம் வந்தால் கூடவே சத்தமும் வரும். சத்தமில்லாமல் எரிகிற அந்த வெளிச்சத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எலிகளிலும் அப்படித்தான் இருந்தது. சூடான தட்டில் வைத்தாலும் காலை உதறவில்லை, மூச்சும் குறையவில்லை.

அதிகபட்ச அளவு கொடுத்தவற்றில் இரண்டு மட்டும் செத்துக் கிடந்தன. கூண்டில் தண்ணீர்க் குழாய் அடைத்திருந்தது, தாகத்தால் செத்திருக்கும் என்று முடிவு செய்து அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டேன். குழாய் அடைத்திருந்தது உண்மைதான். ஒரு கூண்டில் மட்டும். இன்னொரு எலி வேறு கூண்டில் இருந்தது.

உங்கள் கேள்விக்கான பதில் இதோடு முடிந்துவிட்டது. அப்போது என் பேராசிரியருக்கு இது தெரியாது, அவர் நல்லவர். மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி வாங்க இன்னும் வருடக்கணக்கில் ஆகும், அதுவரை இது வெறும் வெள்ளைப் பொடிதான் எழில் என்று அவர் அடிக்கடி சொல்வார். அவர் நிதானமாகச் சொன்னார். எனக்கு அது நிதானமாகக் கேட்கவில்லை.

விஸ்வநத்தத்தில் வெடித்தது ஒரு திங்கட்கிழமை காலையில். அத்தையின் அறையில் அவளும் நாகஜோதி என்ற பெண்ணும் இருந்தார்கள். நாகஜோதி அத்தையைவிட வயதில் மிகச் சின்னவள், பக்கத்துத் தெரு. சொந்தம் எதுவும் இல்லை. பழகிய பழக்கத்தில் அத்தையை அண்ணன் மனைவி முறை வைத்து மதினி என்று கூப்பிடுவாள். எந்நேரமும் அத்தையைச் சீண்டிக்கொண்டே இருப்பாள். “மதினி, ஒங்களுக்கு வெள்ளி முலாம் பூசியிருக்கு, அண்ணன் எங்கனயாவது அடகு வச்சிரப் போறாரு, பாத்துக்கோங்க” என்று அவள் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். அத்தை வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்ததால் வெளியே வந்து விழுந்தாள். முகம் தப்பியது. கழுத்துக்குக் கீழே தப்பவில்லை. அவளை மதுரைக்குக் கொண்டுவந்து, நான் முதலில் சொன்ன அந்த ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் சேர்த்தார்கள். நாகஜோதியின் உயிர் உள்ளேயே போய்விட்டது.

இதை அத்தையிடம் யாரும் சொல்லவில்லை. நாகஜோதியை மதுரையிலேயே வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தோம். அத்தையின் மகன் கதிரவன் அச்சாபீஸ் ஒன்றில் லோடு வண்டி ஓட்டுகிறவன், எனக்கு மச்சான் முறை. அவனுக்குப் பொய் வராது. அம்மா கேட்கும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். நான்தான் சொல்வேன்.

“நாகஜோதி கண்ணு முழிச்சாளா தாயி?”

“முழிச்சிட்டா அத்தை. கஞ்சி குடிக்கிறாளாம்.”

“சனிக்கிழமையே சொன்னேன். சட்டியில மருந்து கெடக்கு, மிச்சம் வைக்காதடின்னேன். திங்கக்கிழமை வந்த ஒடனே மொதல்ல அதைத்தேன் அடைக்கப் போறேன், வண்டி ஆரன் அடிக்கான் வாங்க மதினின்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டா. நானும் வந்துட்டேன். அழுத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சரி மதினின்னு ஒக்காந்திருப்பா. நான் சொல்லல.”

இதை அவள் தினமும் சொன்னாள். சில நாள் இரண்டு முறை.

அந்த வார்டில் காலையில் கட்டு மாற்றுவார்கள். பழைய துணியை நனைத்து உரித்தெடுத்துவிட்டுப் புதிது போடுவது. அதற்கு முன்னால் ஒரு ஊசி போடுவார்கள். போதாது. அத்தை கத்துகிறவள் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கால் ஒரு சத்தம் எழுப்புவாள், தூரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி. திரைக்கு வெளியே கதிரவன் சுவரில் நெற்றியை வைத்து நின்றிருப்பான். என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். டாக்டர் எழில் என்று அத்தை சொல்லி வைத்திருந்தாள். சிஸ்டர் என்னை வைத்தியம் பார்க்கிற டாக்டர் என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பதினேழைக் கரைத்து ஒரு சின்னப் பழுப்புப் புட்டியில் கொண்டுபோனேன். மூச்சு குறைந்தால் கொடுக்க வேண்டிய மாற்று மருந்தையும் ஊசியில் ஏற்றிப் பையில் வைத்திருந்தேன். நான் பொறுப்போடு நடந்துகொண்டதற்கு அதைத்தான் எனக்கு நானே சான்றாகக் காட்டிக்கொண்டேன். கடைசி நாள் வரை அது பையில் இருந்தது.

“கையில என்ன தாயி?”

“மருந்து அத்தை. நான் செஞ்சது. நாக்குக்கு அடியில ரெண்டு சொட்டு விட்டா வலி தெரியாது.”

அவள் புட்டியையே பார்த்தாள். “நீ செஞ்ச மருந்தா. வாயில வச்சா வெடிச்சிராதே?”

“வெடிக்காது.”

“வெடிச்சாலும் இனி என்னத்தக் கொண்டுபோவப் போவுது. விடு.”

நான் வாங்கிய சம்மதம் அவ்வளவுதான். இதை இதற்கு முன் எந்த மனிதருக்கும் கொடுத்ததில்லை என்று நான் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. மருந்து அறையில், கலந்து கொண்டு வருகிறவனிடம் இதில் என்ன சேர்த்திருக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அவனை நம்பவில்லை என்று ஆகிவிடும். அவன் கலந்தான், இவள் அடைப்பாள். அவள் அந்தப் பழக்கத்தில் வாயைத் திறந்தாள். எனக்கு அந்தப் பழக்கம் தெரியும்.

அன்று கட்டு மாற்றும்போது மாவு மில் சத்தம் வரவில்லை. பாதியில் அத்தை தலையைத் தூக்கி, “சிஸ்டரு, சாப்பிட்டீகளா? மொகம் வாடிக் கெடக்கே” என்றாள். சிஸ்டர் கையில் துணியோடு அப்படியே நின்றுவிட்டார். பிறகு சிரித்தார். “ஒங்க கட்டை நான் பிரிக்கேன், நீங்க என்னைய விசாரிக்கீகளாக்கும்” என்றார். கட்டு முடிந்ததும் அத்தை பருத்திப்பால் வேண்டும் என்றாள். வந்த நாளிலிருந்து அவள் எதையும் கேட்டதில்லை. கதிரவன் படியில் ஓடுகிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்து என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தினான். “என்ன பண்ணுனியோ தெரியல எழிலு. பால்ல இனிப்பு கம்மின்னு எங்கம்மா என்னைய வஞ்சாக. அம்புட்டு சந்தோசமா இருக்கு.” எனக்கும் ஒரு டம்ளர் வாங்கி வைத்திருந்தான். குடித்தேன்.

அதற்கு மறுநாளிலிருந்து அத்தை ஊசி வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினாள். “ஊசி போட்டா வாந்தி வருது சிஸ்டரு. நான் தாங்கிக்கிடுவேன்” என்பாள், சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டுவாள். புட்டியைப் பற்றி யாரிடமும் சொல்லக்கூடாது என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. சிஸ்டர் அவளுடைய தைரியத்தைப் பக்கத்துப் படுக்கைகளுக்கு எடுத்துச் சொன்னார். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மூச்சு குறையவே இல்லை. இரண்டாவது தட்டு இருட்டாகத்தான் இருந்தது.

இரக்கத்தால் செய்தேன் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். அந்த வாரம் வரைக்கும் நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எங்கள் துறையில் யாருக்கும் வரக்கூடிய சந்தேகம்தான். வலி குறைந்தது பதினேழால்தானா, அல்லது வளர்த்த பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து தன் கையால் கொடுக்கிறாள் என்பதாலா? நம்பிக்கையாலும் வலி குறையும். அது அன்பினால் வந்த பலன் என்றால் அதை வைத்து நான் ஒன்றும் எழுத முடியாது. பிரித்துப் பார்க்க ஒரு வழிதான் உண்டு, அது உங்களுக்கும் தெரியும்.

அதனால் ஒரு நாள் அதே போன்ற புட்டியில் உப்புத் தண்ணீர் கொண்டுபோனேன்.

அத்தை வாயைத் திறந்தாள். இரண்டு சொட்டு விட்டேன். சிஸ்டர் ஊசியோடு வந்தபோது வழக்கம்போல வேண்டாம் என்றாள். நான் குறுக்கே பேசவில்லை. கட்டு பிரிக்கத் தொடங்கியதும் அவள் என்னைத் தேடினாள். நான் படுக்கையின் கால்மாட்டில், அவள் முகம் முழுதாகத் தெரிகிற இடத்தில் நின்றிருந்தேன். அந்த மாவு மில் சத்தம் மறுபடி வந்தது. பிறகு அதற்கும் மேலே போனது. அந்த நேரம் முழுக்க நான் அங்கேயே நின்றேன். முடிந்த பிறகு நெற்றியைத் துடைத்துவிட்டேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

“இன்னைக்கு மருந்து நமத்துப் போச்சு போல தாயி. ஒம் மேல தப்பில்ல. மழைக்கு நமக்கும் இப்படித்தேன் ஆவும். நாளைக்கு நல்லாக் காய வச்சுக் கொண்டா.”

அப்போது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்வதில் பயனில்லை. பதினேழு வேலை செய்கிறது என்பது அந்தக் காலையில் எனக்கு உறுதியாயிற்று. நெற்றியைத் துடைத்த துணியால் என் முகத்தையும் மூடித் துடைத்துக்கொண்டேன். அத்தை அதைப் பார்த்துவிட்டு, “நீ எதுக்கு அழுவுற” என்றாள். நான் அழவில்லை.

ஒரு முறை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. அதனால் இன்னொரு நாளும் அதைச் செய்தேன்.

தீக்காயக்காரர்கள் பிழைப்பது அரிது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் பின்னால் அப்படித்தான் சொல்லிவந்தேன். அத்தையின் விஷயத்தில் அது சரியல்ல. பெரிய டாக்டர் ஒரு நாள் சுற்றி வந்தபோது, ஆபத்தான கட்டம் தாண்டியாயிற்று, அடுத்த மாதம் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டலாம் என்றார். கதிரவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அத்தை, “பூச்சட்டிக்குக் காயிதம் ஒட்டுற மாதிரிதேன். நல்லா மடிச்சு ஒட்டச் சொல்லுலே, சுருக்கம் விழுந்துரும்” என்று அவனைச் சிரிக்க வைத்தாள். நானும் சிரித்தேன்.

பிழைத்துவிடுவாள் என்றால் காயம் ஆறும். ஆறினால் வலி குறையும். இன்னும் கொஞ்ச நாளில் அவளுக்குப் பதினேழு தேவைப்படாது. எனக்கு ஒரு கேள்வி மிச்சமிருந்தது. அளவு கூடினால் இரண்டாவது கிளை பற்றுமா? அந்த இரண்டு எலிகள் தாகத்தால் செத்தனவா? நான் அந்த எலிகளை மறந்ததாகத்தான் இவ்வளவு நாளும் எனக்கு நானே காட்டிக்கொண்டேன். ஒரு நாள்கூட மறக்கவில்லை.

அன்று அத்தைக்குக் காய்ச்சல் ஏறியிருந்தது. தோல் இல்லாத உடம்புக்கு அப்படி வந்து போகும் என்று சொல்லி ஊசி போட்டிருந்தார்கள். கட்டு மாற்றி முடித்துச் சிஸ்டர் போய்விட்டார். காலை நேரம்தான், ஜன்னல் வழியாக நல்ல வெயில். கதிரவன் கீழே பருத்திப்பால் வாங்கப் போயிருந்தான். அத்தை கண்களை மூடியபடி ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். வண்டி, ஆரன், சட்டி என்று சில சொற்கள் விளங்கின. நான் புட்டியைக் கையில் வைத்திருந்தேன். வழக்கமான சொட்டுகள் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. புட்டியில் நிறைய இருந்தது.

அத்தை சொன்னாள், “மிச்சம் வைக்காத. போட்டு முடிச்சிரு.”

நான் போட்டு முடித்தேன்.

அதுவே என் வாதம். இத்தனை நாளும் அதை வைத்துத்தான் தூங்கினேன். அவள் கேட்டாள், நான் கொடுத்தேன். ஆனால் அப்போது கையில் இருந்தது வழக்கமான சொட்டுகள் விட்ட புட்டி அல்ல, அதே போன்ற இன்னொன்று. முந்தின நாளே ஆய்வகத்தில் அதை நான் பல மடங்கு செறிவாகக் கரைத்து வைத்திருந்தேன். அவள் அந்தச் சொல்லைச் சொல்வதற்கு முன்னாலேயே.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவள் முகம் தளர்ந்தது. புருவத்துக்கு நடுவில் எப்போதும் இருக்கிற மடிப்பு காணாமல் போனது. அவள் அவ்வளவு இளமையாக இருந்து நான் பார்த்ததில்லை. போர்வை ஏறி இறங்கியது. இறங்கி நின்றது. பிறகு ஏறியது. அடுத்த முறை இன்னும் நேரம் கழித்து ஏறியது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. திரி இரண்டு பக்கமும் எரிகிறது. எலிகள் தாகத்தால் சாகவில்லை.

மாற்று மருந்து என் மடியில் இருந்த பையில்தான் இருந்தது. அது நிமிடக் கணக்கில் வேலை செய்யும். ஏற்பியிலிருந்து பதினேழைத் தள்ளிவிட்டுத் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். பையின் ஜிப்பைத் திறந்தேன். கையை உள்ளே விட்டேன். ஊசி கையில் பட்டது. அப்போது எனக்குத் தோன்றியதை அப்படியே சொல்கிறேன்: மூச்சு தானாகத் திரும்பி வருமா என்பதும் நமக்குத் தெரியாது. இப்போது ஊசி போட்டால் அது தெரியாமலே போய்விடும்.

கையை உள்ளேயே வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரவில்லை.

கதிரவன் டம்ளர்களோடு வந்தான். மூன்று டம்ளர். சிந்தாமல் இருக்க மெதுவாக நடந்து வந்தான். திரையை முழங்கையால் விலக்கி, தணிந்த குரலில், “தூங்குறாகளா?” என்றான்.

“ஆமா மச்சான்” என்றேன்.

“சரி, தூங்கட்டும். ஆறட்டும்” என்று டம்ளரைத் தட்டை வைத்து மூடி வைத்தான். நாங்கள் இரண்டு பேரும் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பருத்திப்பாலைக் குடித்தோம். பிறகு சிஸ்டர் வந்து பார்த்தார்.

காயம் சீழ்ப்பிடித்து ரத்தத்தில் கலந்துவிட்டது, காய்ச்சல் வந்ததே அதனால்தான் என்றார்கள். அந்த வார்டில் ஒருவர் இறந்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஏன் என்பதற்கான பதில் வெளியிலேயே தெரிகிறதே. தாயில்பட்டியில் எடுத்தோம். கதிரவன் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களிடமெல்லாம் சொன்னான்: “எழிலு மட்டும் இல்லைன்னா எங்கம்மா கதறியே செத்திருப்பாக. கடைசி வரைக்கும் ஒரு வலி தெரியாமப் பாத்துக்கிட்டா.” கையை விடுவித்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. அவன் இப்போதும் வாரம் ஒருமுறை போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்கிறான்.

பிறகு ஒரு கம்பெனி பதினேழை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க முன்வந்தது. பேராசிரியர் ஆசை ஆசையாக வந்து சொன்னார். கூடாது என்றேன். ஏன் என்று கேட்டார். அளவு கூடினால் மூச்சு நின்றுவிடும் என்றேன். எப்படித் தெரியும் என்றார். அத்தையைச் சொல்லாமல் இரண்டு எலிகளைச் சொன்னேன். அவர் நேர்மையானவர், உடனே உங்களுக்குத் தெரிவித்தார். நீங்கள் வந்தீர்கள். பதினேழு அதோடு நின்றது. முகம் தெரியாத பல பேர் அதனால் பிழைத்திருப்பார்கள், அத்தை வீணாகப் போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சில நாள் அது போதும். பெரும்பாலான நாள் போதாது.

நீங்கள் எலிகளைப் பற்றி மட்டும் கேட்டீர்கள். எலிகளுக்கான பதிலோடு நான் எழுந்து போயிருக்கலாம். வேலை போயிருக்கும், அவ்வளவுதான். சொல்லாமல் விட்டது இன்னும் ஒன்றுதான் இருக்கிறது.

அத்தை சொன்னதாக நான் சொன்ன சொல்லை முழுதாகச் சொல்லவில்லை. அவள் அன்று கண் திறக்கவில்லை. நான் அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியாது. அவள் சனிக்கிழமை சாயங்காலத்தில், அந்த மருந்து அறையில் இருந்தாள். வாசலில் வண்டி நின்றுகொண்டிருந்தது. அவள் சொன்னது இது: “நாகஜோதி, மிச்சம் வைக்காதடி. போட்டு முடிச்சிரு.” இந்த முறை அழுத்திச் சொன்னாள். சொல்லிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள். முகம் காத்திருப்பது எனக்குத் தெரிந்தது.

அவள் யாரிடம் பேசுகிறாள், எந்த மருந்தைச் சொல்கிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாகஜோதி செத்துப்போனதும் எனக்குத் தெரியும். வேலுத்தாய் என் அப்பாவுடன் பிறந்தவள், எனக்கு அத்தை. பிறந்ததிலிருந்து நான் அவளை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

நான் புட்டியின் மூடியைத் திறந்தேன். அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, “சரி மதினி” என்றேன்.